ஓவனில் இறைச்சி சுட: எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கொதிக்கிற தண்ணீர் ஒவ்வொரு அரிசியையும் ஒரே மாதிரி சூழ்ந்திருப்பதால் அந்தக் கணக்கு சோற்றில் பலிக்கிறது. ஓவனில் வைத்த முழுக் கோழியில் பலிக்காது. தோல் பொன்னிறமாகி மணம் கூடம்வரை வரும்போது, தொடையும் உடம்பும் சேரும் இடத்தில் 50 டிகிரிகூட ஏறியிருக்காது. வெளியே பார்த்து உள்ளே பதம் சொல்ல முடியாது என்பதால்தான், ஓவன் புதிதாக வாங்கியவர்கள் முதல் சில தடவை பச்சையாகவோ சக்கையாகவோ எடுக்கிறார்கள்.

இதற்கு வழி எளிது. நேரத்தைக் கணக்குப் போடுவது எப்போது உள்ளே வைக்க வேண்டும், எப்போது பார்க்கத் தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. எப்போது எடுப்பது என்பதை இறைச்சியின் நடுவில் குத்திய தெர்மாமீட்டர்தான் சொல்ல வேண்டும். கூர்முனை உள்ள சாதாரண டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்க்கிற கருவி இதற்கு உதவாது. அது 42 டிகிரியோடு நின்றுவிடும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா அளவும் செல்சியஸ்.

உள்ளே எத்தனை டிகிரி வர வேண்டும்

அமெரிக்க வேளாண் துறையின் அளவுகளை நினைவில் வைப்பது சுலபம். கோழி, வான்கோழி, வாத்து எல்லாவற்றுக்கும் 74. கொத்துக்கறி எந்த இறைச்சியாக இருந்தாலும் 71, கோழிக் கொத்துக்கறி மட்டும் 74. ஆடு, மாடு, பன்றி இவற்றின் முழுத் துண்டுகளுக்கு 63, அதன்பின் வெட்டாமல் குறைந்தது 3 நிமிடம். பன்றிக்கு முன்பு 71 என்று சொல்லி வந்தார்கள். 2011-இல் 63 ஆகக் குறைத்தார்கள். பிரிட்டனில் எல்லாவற்றுக்கும் பொதுவாக, நடுப்பகுதி 70 டிகிரியில் 2 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

முழுத் துண்டுக்கும் கொத்துக்கறிக்கும் ஏன் வேறு அளவு? முழுத் தொடையில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும்; ஓவன் சூடு அவற்றை முதலில் தொட்டுவிடும். கொத்தும்போது அந்த மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது.

இவை பாதுகாப்புக்கான அளவுகள். மென்மை என்பது தனிக் கணக்கு. கோழி நெஞ்சுக்கறி 74-ஐத் தாண்டத் தாண்டக் காய்ந்துகொண்டே போகும். அதே கோழியின் தொடையோ 80, 82 டிகிரியில்தான் எலும்பைவிட்டு நன்றாகக் கழலும். ஆட்டுத் தொடை 90-ஐத் தொட்டபிறகுதான் நம் வாய்க்கு ஏற்ற பதத்துக்கு வரும். அதைத் தனியாகப் பார்ப்போம்.

ஓவனின் குமிழை நம்பலாமா

குமிழில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மேசைமேல் வைக்கும் சிறிய ஓ.டி.ஜி.களில் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்தது) 15, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஓவனுக்குள் வைக்கும் வட்டத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, நடுத் தட்டின் நடுவில் வைத்து, குமிழை 180-இல் திருப்புங்கள். 20 நிமிடம் கழித்து ஒருமுறை, அதன்பின் 10 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு முறை, கண்ணாடி வழியாகவே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பிகள் அணைந்து எரிவதால் எண் ஏறி இறங்கும். மூன்றின் சராசரிதான் உங்கள் ஓவனின் உண்மையான 180. அது 160 என்று வந்தால் இனி குமிழை 200-இல் வைக்க வேண்டும். 40 நிமிட வேலை, ஒருமுறை செய்தால் போதும். இதைச் செய்யாமல் எந்தச் சமையல் குறிப்பின் நேரத்தைப் பின்பற்றினாலும் பலன் இல்லை.

சமையல் தெர்மாமீட்டரையும் ஒருமுறை சோதியுங்கள். டம்ளர் நிறைய ஐஸைப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முனையை நடுவில் பிடித்தால் 0 காட்ட வேண்டும். கொதிநீரிலும் பார்க்கலாம், ஆனால் 100 என்பது கடலோர ஊர்களுக்குத்தான். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையில் இருப்பவர்கள் ஐஸ் சோதனையையே நம்பலாம்.

காற்றாடி ஓடும் ஓவனில் சூடு இறைச்சிக்கு வேகமாகப் போய்ச் சேரும். அதனால் குறிப்பில் உள்ள வெப்பத்தில் 20 டிகிரி குறையுங்கள். வெப்பத்தைக் குறைத்தால் நேரத்தையும் சேர்த்துக் குறைக்கக் கூடாது, இரண்டில் ஒன்றுதான். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ், ஏர்ஃபிரையர் இரண்டுக்கும் இதே விதி.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்களுக்கு: ஃபாரன்ஹீட் எண்ணில் 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்க வேண்டும். 325 என்றால் ஏறக்குறைய 160, 350 என்றால் 180, 375 என்றால் 190, 400 என்றால் 200, 425 என்றால் 220. பிரிட்டனின் கேஸ் ஓவனில் மார்க் 4 என்பது 180, 5 என்பது 190, 6 என்பது 200, 7 என்பது 220.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பியின் சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மாலையில் 230 வோல்ட் 200-க்கு இறங்கினால் உங்கள் ஓவன் கால் பங்கு வலுவை இழக்கிறது. அப்போது 15 நிமிடத்தில் சூடாகும் ஓவனுக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். காத்திருந்து, உள்ளே உள்ள தெர்மாமீட்டர் சொன்னபிறகு வையுங்கள்.

நேரக் கணக்கு

190 டிகிரியில் முழுக் கோழிக்கு: கிலோவுக்கு 40 நிமிடம், அதோடு 20 நிமிடம்.

1 கிலோ கோழி 60 நிமிடம். 1.4 கிலோ என்றால் 56-உம் 20-உம் சேர்ந்து 76 நிமிடம். 2 கிலோ என்றால் 100 நிமிடம். 180 டிகிரியில் சுடுவதாக இருந்தால் 40-க்குப் பதில் 45 போடுங்கள். எடை என்பது சுத்தம் செய்தபின் ஓவனுக்குள் போகும் எடை. உயிர்க்கோழியின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் அரை மணி நேரம் தவறும்.

எடை இரண்டு மடங்கானபோது நேரம் இரண்டு மடங்காகவில்லை என்பதைக் கவனியுங்கள். சூடு மேலிருந்து நடுவுக்கு நடந்து போக வேண்டும். நேரத்தைத் தீர்மானிப்பது அந்தத் தூரம். எடை இரட்டித்தாலும் கோழியின் தடிமன் கால் பங்குதான் கூடும். அதனால் நேரம் ஏறக்குறைய 1.6 மடங்காகிறது. 'கிலோவுக்கு ஒரு மணி நேரம்' என்று ஒற்றை எண்ணாகச் சொல்லும் குறிப்புகள் பெரிய கோழியைக் காய வைப்பது இதனால்தான். மேலே உள்ள கணக்கில் அந்த 20 நிமிடத்தைத் தனியாக வைத்திருப்பதும் இதற்காகவே.

இதிலிருந்தே இன்னொரு முக்கியமான விஷயம் வருகிறது. 1.4 கிலோவில் இரண்டு கோழிகளை ஒரே ஓவனில் வைத்தால் 2.8 கிலோவுக்குக் கணக்குப் போடக் கூடாது. சூடு நடக்கும் தூரம் ஒவ்வொன்றிலும் அதேதான். 76 நிமிடத்தோடு, இடம் நெருக்கமாக இருப்பதற்காக 10, 15 நிமிடம் கூட்டினால் போதும். இரண்டுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு எடைகள் வேறு வேறு என்றால் சிறியது முன்னால் வெளியே வரும்.

நேரத்தைக் குறைக்கும் மிகச் சிறந்த வழியும் தடிமனில்தான் இருக்கிறது. கடையிலேயே முதுகெலும்பை வெட்டி எடுத்து, கோழியைப் புத்தகம் போல விரித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் நெஞ்செலும்பின் மேல் உள்ளங்கையால் அழுத்தினால் 'டக்' என்று உடைந்து தட்டையாகும். இப்படி விரித்த 1.4 கிலோ கோழிக்கு 220 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் போதும். நெஞ்சும் தொடையும் ஏறக்குறைய ஒன்றாகவே பதத்துக்கு வரும். முதன்முறை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. தவறு நேர வாய்ப்பு குறைவு.

கணக்கை நீட்டுபவை சில உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்து வைத்தால் 10 நிமிடம் கூடும். மசாலாவைத் தடிமனாகப் பூசினால் இன்னும் 10 நிமிடம். அதில் உள்ள தயிரின் ஈரம் ஆவியாகும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. வயிற்றுக்குள் பூரணமோ பிரியாணியோ அடைத்தால் 20 முதல் 30 நிமிடம் கூடும்; அந்தப் பூரணத்தின் நடுவிலும் 74 வர வேண்டும். அது வருவதற்குள் நெஞ்சு காய்ந்துவிடும் என்பதால் அடைக்காமல் இருப்பதே மேல். வயிற்றில் அரை எலுமிச்சை, நாலு பல் பூண்டு, ஒரு கொத்து கறிவேப்பிலை போதும். காற்று உள்ளே போய்வர இடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் சூட்டில் பெரும் பங்கு வெளியேறும், சில நிமிடங்கள் கூடும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் தடவுவதால் கிடைப்பதைவிட இழப்பதே அதிகம்.

மணியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

1 மணிக்குச் சாப்பாடு, 1.4 கிலோ கோழி. வெட்டுவதற்கு முன் 15 நிமிடம் ஆற வேண்டும்: 12.45. எதிர்பாராத தாமதத்துக்கு 20 நிமிடம்: 12.25. சுட 76 நிமிடம்: 11.10-க்கு ஓவனுக்குள் போக வேண்டும். ஓவன் சூடாக 20 நிமிடம்: 10.50-க்குப் பொத்தானைப் போட வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால், 10.40 வாக்கில், கோழியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கலாம். 'அறை வெப்பத்துக்கு வரும்வரை வெளியே வையுங்கள்' என்று குளிர்நாட்டுக் குறிப்புகள் சொல்வது சென்னை வெயிலுக்குப் பொருந்தாது. 32 டிகிரிக்கு மேல் உள்ள அறையில் பச்சை இறைச்சி மொத்தமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.

உறைந்த கோழி என்றால் முதல் நாளே, ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில், சாறு வடியாத பாத்திரத்தில் வைத்து இளக விட வேண்டும். 1.5 கிலோவுக்கு ஒரு முழு நாள் வேண்டும். நடுவில் பனிக்கட்டி இருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

சீக்கிரம் வெந்துவிட்டால் கவலை இல்லை. ஓவனை 70 டிகிரிக்கு இறக்கி அரை மணி நேரம் வைத்திருக்கலாம். தாமதமானால் விருந்தினர் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த 20 நிமிடத்தைத் தாராளமாகவே போடுங்கள்.

முழுக் கோழி, அடுத்தடுத்து

1. தோலோடு கேளுங்கள். நம் ஊரில் கேட்காவிட்டால் தோலை உரித்துத்தான் தருவார்கள். தோல்தான் நெஞ்சுக்கறியைக் காய்ந்துபோகாமல் காக்கும். தோல் இல்லாத கோழிதான் கிடைத்தது என்றால் எண்ணெயோ நெய்யோ தாராளமாகப் பூசி, முதல் 45 நிமிடம் ஃபாயிலால் மூடி, பிறகு திறந்து சுடுங்கள்.

2. கழுவுவது வீட்டு வழக்கம் என்றால் குழாயை மெதுவாகத் திறந்து கழுவி, தொட்டியையும் சுற்றுப்புறத்தையும் உடனே சோப்பு போட்டுத் துடையுங்கள். தெறிக்கும் நீர்த்துளிகளில் கிருமிகள் பரவும். பிறகு சமையல் தாளால் உள்ளும் புறமும் ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஈரத் தோல் சிவக்காது.

3. கிலோவுக்கு 12 கிராம் தூள் உப்பு, அதாவது தலை தட்டிய இரண்டு டீஸ்பூன். முதல் நாள் இரவே தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும், தோல் காயும். மசாலாவைக் காலையில் மெல்லியதாகப் பூசுங்கள். இஞ்சி பூண்டு விழுது திட்டுத்திட்டாக நிற்கக் கூடாது. 200 டிகிரிக்கு மேல் அதுவும் மிளகாய்த் தூளும் கருகிக் கசக்கும்.

4. தட்டில் கம்பி வலையை வைத்து அதன்மேல் கோழி, நெஞ்சு மேலே பார்க்க, கால்கள் ஓவனின் பின்பக்கம் பார்க்க. கண்ணாடிக் கதவு இருக்கும் முன்பக்கம் எப்போதும் சூடு குறைவு, தொடைக்கோ சூடு கூடுதலாக வேண்டும். தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் சொட்டும் கொழுப்பு புகையாது. சிறிய ஓ.டி.ஜி.யில் கீழ்த் தட்டு வரிசையையே பயன்படுத்துங்கள். மேல் கம்பிக்கும் கோழிக்கும் நடுவே நாலு விரலாவது இடம் வேண்டும். இல்லையென்றால் நெஞ்சு கருகும். ஓ.டி.ஜி.யின் டைமர் பலவற்றில் 60 நிமிடம்தான். பாதியில் அணைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. கணக்குப்படி வரும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆனதும் முதல்முறை குத்திப் பாருங்கள். 76 நிமிடம் என்றால் 50-ஆவது நிமிடத்தில்.

எங்கே குத்துவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். காலை லேசாக வெளியே இழுத்தால் தொடைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு மடிப்பு தெரியும். அந்த மடிப்பின் ஓரமாக, தொடையின் தடித்த பகுதிக்குள், எலும்புக்கு இணையாக முனையை இறக்குங்கள். 'நங்'கென்று தட்டினால் எலும்பு. கொஞ்சம் இழுத்துக் கோணத்தை மாற்றுங்கள். எண் சட்டென்று தாவினால் முனை வயிற்றின் காலி இடத்துக்குள் போய்ச் சூடான காற்றை அளக்கிறது. சரியான இடத்தில் இருக்கும்போது முனையை மெதுவாக உள்ளே தள்ளினால் எண் இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் மிகக் குறைந்து, பிறகு மறுபடி ஏறும். அந்த மிகக் குறைந்த எண்தான் விடை. நெஞ்சின் தடித்த பகுதியிலும், கழுத்துப் பக்கத்திலிருந்து குத்தி, இதையே செய்யுங்கள்.

6. இரண்டு அளவுகளை வைத்து மீதி நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். 50-ஆவது நிமிடத்தில் தொடையில் 52, 60-ஆவது நிமிடத்தில் 61 என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடத்தில் 9 டிகிரி. 74-க்கு இன்னும் 13 வேண்டும். அதாவது 14, 15 நிமிடம். ஆக 75-ஆவது நிமிடம் வாக்கில் எடுக்கலாம். பொதுச் சூத்திரம் யாரோ ஒருவருடைய ஓவனுக்கு எழுதியது. இந்தக் கணக்கு உங்கள் ஓவனில் இன்று இருக்கும் இந்தக் கோழிக்கானது. இதைப் பழகிக்கொண்டவர்களுக்கு வேறு பட்டியலே தேவைப்படாது.

7. நெஞ்சு 74 வந்தும் தொடை 68-இல் நின்றால் நெஞ்சின்மேல் மட்டும் ஒரு துண்டு ஃபாயிலைப் போர்த்தி மறுபடி உள்ளே வையுங்கள். ஃபாயிலின் பளபளப்பான பக்கம் உள்ளேயா வெளியேயா என்று யோசிக்க வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

8. எடுத்தபின் 15 நிமிடம் வெட்டாதீர்கள். வெளிப்புறச் சூடு உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும், சாறு சற்றுக் கெட்டியாகும். உடனே வெட்டினால் அந்தச் சாறு பலகையில் ஓடும். ஃபாயிலை இறுக்கி மூடினால் ஆவியில் தோல் நமுத்துப்போகும். கூடாரம் போலத் தளர்வாகப் போர்த்துங்கள்.

வெட்டும்போது எலும்பை ஒட்டிச் சிவப்பு தெரிந்தால் பதற வேண்டாம். பிராய்லர் கோழி இளசு. அதன் எலும்பு முழுதாக இறுகியிருக்காது, மஜ்ஜையின் நிறம் வெளியே கசியும். 74 வந்திருந்தால் அது வெந்த கறிதான். மாறாக, வடியும் சாறு தெளிவாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் பூசிய கோழியில் நிறத்தை வைத்துச் சொல்வது இன்னும் கடினம்.

நாட்டுக்கோழிக்கு இந்த முறை எதுவும் ஒத்துவராது. அதன் தசை நார் முற்றியது. அடுத்து வரும் ஆட்டுத் தொடை போல, மூடி, மெதுவாகத்தான் செய்ய வேண்டும்.

ஆட்டுத் தொடை: நடுவழியில் எடுக்காதீர்கள்

இறைச்சிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் ஆட்டுத் தொடை கைவசமாகும். 50 டிகிரியில் தசைப் புரதங்கள் இறுகத் தொடங்கும். 65-இலிருந்து 75-க்குள் இன்னும் சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவது போலச் சாற்றை வெளியே தள்ளும். தசையைக் கட்டியிருக்கும் வெள்ளை நாரான கொலாஜனோ 70-க்கு மேல்தான் மெல்ல ஜெலட்டினாகக் கரையத் தொடங்கும். 85, 90-இல் மணிக்கணக்கில் இருந்தால்தான் முழுதாகக் கரையும். ஆகவே 75-க்கும் 82-க்கும் நடுவில் எடுத்த ஆட்டுத் தொடை இரண்டும் கெட்ட நிலையில் இருக்கும். சாறு போய்விட்டது, நார் கரையவில்லை. 'ஒரு மணி நேரமாச்சு, இன்னும் ரப்பர் மாதிரி இருக்கே' என்று அடுப்பை அணைத்துவிடுபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அங்கே செய்ய வேண்டியது இன்னும் ஒரு மணி நேரம் பொறுப்பதுதான்.

எலும்போடு 1.5 கிலோ வெள்ளாட்டுத் தொடை. காலையில் அறுத்ததை அன்றே சுடாதீர்கள். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். ஒரு நாள் ஃப்ரிட்ஜில் இருந்தால்தான் தளரும். அந்த நாளிலேயே உப்பும் மசாலாவும் ஊறிவிடும்: உப்பு 18 கிராம், தயிர் 150 கிராம், இஞ்சி பூண்டு விழுது இரண்டு டேபிள்ஸ்பூன், மிளகு, சீரகம். கத்தி முனையால் எட்டுப் பத்து இடத்தில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கீறிவிடுங்கள்.

ஆழமான தட்டில் வெங்காயத்தை வட்டமாக அரிந்து பரப்பி, அதன்மேல் தொடை, ஓரத்தில் 250 மில்லி வெந்நீர். ஃபாயிலை இரண்டு மடிப்பாக்கி விளிம்போடு இறுக்கி மூடுங்கள். ஆவி எங்கும் தப்பக் கூடாது. 160 டிகிரியில் 3 மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள், வற்றியிருந்தால் அரை டம்ளர் வெந்நீர் விடுங்கள். தண்ணீர் தீர்ந்தால் வெங்காயம் கருகி அந்தக் கசப்பு முழுத் தட்டுக்கும் ஏறும்.

பதம் வந்ததற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. தெர்மாமீட்டர் 90 முதல் 95 காட்டும். கால் முனையில் கறி பின்வாங்கி இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெள்ளை எலும்பு தெரியும். மெல்லிய கத்தியைக் குத்தினால் பனங்கிழங்கில் இறங்கும்போது வரும் சிறு நெருடலும் இல்லாமல், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். கத்தி சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு. 92 காட்டியும் கத்தி தயங்கினால் மறுபடி மூடி 30 நிமிடம் வையுங்கள். முற்றிய ஆட்டுக்கு நாலு மணி நேரம்கூட ஆகலாம்.

பிறகு ஃபாயிலை எடுத்துவிட்டு 210 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் மேல்புறம் சிவந்து மொறுமொறுக்கும். தட்டில் தங்கிய சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, வாணலியில் பாதியாகச் சுண்ட விடுங்கள். அது தனிக் குழம்பு. தொடையை 20 நிமிடம் ஆறவிட்டு, தசை ஓடும் திசைக்குக் குறுக்காக வெட்டுங்கள்.

இளம் செம்மறித் தொடை கிடைக்கும் நாடுகளில் இருப்பவர்கள் நடுவில் இளஞ்சிவப்பாகவும் எடுக்கலாம். 180 டிகிரியில் கிலோவுக்கு 45 நிமிடம், அதோடு 20. 2 கிலோவுக்கு 110 நிமிடம். 60 காட்டியதும் எடுத்து 20 நிமிடம் ஆறவிட்டால் தானாகவே 63-ஐத் தாண்டும். தாண்டியதா என்று அப்போதும் ஒருமுறை குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டு என்பதால் வெளியே எடுத்தபிறகும் 3 முதல் 5 டிகிரி ஏறும். கோழியில் இந்த ஏற்றத்தை நம்பி முன்கூட்டி எடுக்காதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக

கோழிக் கால் துண்டுகள்: 200 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம், உள்ளே 80 வரை. எலும்பில்லாத நெஞ்சுத் துண்டு: 200 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம், 15-ஆவது நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள், 74 காட்டியதும் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். கொழுப்பில்லாத பன்றி முதுகுத் துண்டு: 180 டிகிரியில், கிலோவுக்கு 40 நிமிடம் ஆனதும் பார்க்கத் தொடங்கி 63-இல் எடுக்க வேண்டும். பன்றித் தோளும் வயிற்றுப் பகுதியும் ஆட்டுத் தொடையின் வழியில்: 160 டிகிரியில் மூன்று மணி நேரம், 90-க்கு மேல்.

தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க

மேலே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் ஓவன் சூடு அதிகம், அல்லது மேல் கம்பி மிக அருகில், அல்லது நடுவில் பனி இளகவில்லை. ஃபாயில் போர்த்தி, 160-க்கு இறக்கித் தொடருங்கள், கறியைக் காப்பாற்றிவிடலாம். உள்ளே வெந்தும் தோல் வெளிறியிருந்தால் ஈரம் துடைக்கவில்லை, அல்லது தட்டில் தண்ணீர் அதிகம். கடைசி 8 நிமிடம் 230-இல், கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு வையுங்கள்.

எண் 65 வாக்கில் வெகுநேரம் நகராமல் நின்றால் முதலில் முனையை இடம் மாற்றிக் குத்துங்கள். பெரிய துண்டாக, மூடாமல், குறைந்த சூட்டில் வைத்திருந்தால் அது உண்மையாகவே நிற்கும்: மேற்பரப்பில் வியர்க்கும் சாறு ஆவியாகி, மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலக் கறியைக் குளிர வைக்கிறது. ஃபாயிலால் மூடினால் மறுபடி ஏறும்.

ஊறிய மசாலாவில் மிச்சத்தைப் பாதியில் மேலே பூசுவதானால் வெளியே எடுப்பதற்கு 20 நிமிடம் முன்னதாகவே பூசிவிடுங்கள். பச்சைக் கோழி கிடந்த கலவை அது. கடைசி நிமிடத்தில் பூச வேண்டுமென்றால் தனியாகக் கொதிக்க வைத்தபிறகு பூசலாம்.

ஒவ்வொரு தடவையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் நாலு எண்களை எழுதுங்கள்: எடை, உள்ளே இருந்த தெர்மாமீட்டர் காட்டிய ஓவன் சூடு, மொத்த நிமிடம், எடுத்தபோது தொடையில் இருந்த டிகிரி. மூன்றாவது கோழிக்குள் உங்கள் ஓவனுக்கு 40-க்குப் பதில் 36-ஆ 44-ஆ என்று தெரிந்துவிடும். மிச்சக் கறியை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் 74 வரும்படி சூடாக்குங்கள். எலும்புகளை மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டால் ராத்திரிக்கு ரசம் ஆயிற்று.